மந்திரித்த மெழுகும் ஒரு செரி மரமும்

பக்கக் கேற்றைத் தள்ளித் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மிளகாய். பழைய படுக்கை விரிப்பொன்றின் மேல், மூலைக்கு மூலை கல் வைத்து, செக்கச் செவேலென்று பரப்பியிருந்தார்கள். பக்கத்தில் சுளகு நிறைய மோர்மிளகாய். அதற்கும் பக்கத்தில், கொளுத்தும் வெயிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன என்னுடைய பலகைகள்.

கேற்றைச் சாத்தவும் மறந்தேன்.

அந்தப் பலகைகள் முதல்நாள் காலைவரை மரமாக நின்றவை. வெள்ளிக்கிழமை இலையும் கிளையுமாக நின்ற செரி மரம், அன்று பின்னேரமே தடித்த பலகைகளாக அறுபட்டு, லண்டனின் மிச்சம் என்ற ஊரில் இருக்கும் என் அண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கார் விடும் கொட்டிலின் நிழலில் அடுக்கி, முனைகளுக்கு ஈரச் சாக்குப் போர்த்து, "அண்ணை, இதை இப்பிடியே விடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் சனிக்கிழமை ஷிப்டுக்குப் போனேன்.

அண்ணை தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, ஒரு பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"எப்பிடி என்ர வேலை? இந்த ஊரிலை இப்பிடி வெயில் எப்ப எறிக்கும்? விடியவே இழுத்துப் போட்டிட்டன். மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டியும் விடுறன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் பலகைகளுக்குள் இருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். நகம் ஒடிகிற மாதிரி.

முழங்காலில் விழுந்து முனைகளைப் பார்த்தேன். தலைமயிரளவு வெடிப்புகள், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தன.

தள்ளுவண்டியில் போன அந்தோனியார்

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய, நான் ட்ராம் ஓட்டப் பழகிய கதையை வாசித்துவிட்டு, தோர்ண்டன் ஹீத் மரக்கறிக் கடையில் ஒருவர் என்னை மறித்து, "தச்சு வேலையும் தெரியுமாம், அதை ஏன் எழுதேல்லை?" என்று கேட்டார். எழுதாமல் விடுவேனா? அதைச் சொல்லத்தான் இந்த மிளகாய், வெயில் எல்லாம். ஆனால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் அந்தோனியார் திருநாள் ஆனி மாதத்தில் வரும். மன்னாரில் என்றால் அவருடைய சிலையை, அதாவது சுரூபத்தை, கூட்டில் வைத்து, நீளக் காவுமரங்களைத் தோளில் தாங்கித் தெருத் தெருவாகத் தூக்கிப் போவோம். கூடு என்பது சின்ன மண்டபம் மாதிரி, நாலு தூணும் மேலே விதானமுமாக இருக்கும். லண்டனில் எங்களுக்குக் கூடு இல்லை. அந்தோனியார் பல வருடங்களாகத் தள்ளுவண்டியில்தான் போனார். யாரோ ஒருவர் வேலை செய்த பண்டகசாலை கழித்துவிட்ட வண்டி அது. வெள்ளைத் துணி சுற்றி, பூ வைத்து, பார்க்க ஒப்பேறிவிடும். ஆனால் அதன் ஒரு சில்லு கீச்சிடும். பிரார்த்தனை படிக்கிறவர் மூச்சு விடும் இடமெல்லாம் கீச், கீச்.

ஒரு வருடம் அந்தச் சில்லு தெருவோரச் சாக்கடைக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. வண்டி நின்றது, அந்தோனியார் நிற்கவில்லை. முன்னால் சாய்ந்தவரைப் பாதர் பாய்ந்து இடுப்பில் பிடித்தார். அந்தோனியாரின் கையில் இருந்த குழந்தை இயேசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த கிழமை திருநாள் சபை கூடியது. சபைக்குத் தலைவர் என் அண்ணை, சூசையண்ணை என்றால் பங்கில் எல்லாருக்கும் தெரியும். இந்தியாவில் ஓடர் கொடுத்து, கப்பலில் கூடு எடுப்போம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் எழும்பினேன்.

"ஏன் கப்பலிலை? நான் செய்யிறன்."

குரோய்டனில் நடக்கும் பின்னேர வகுப்பொன்றில் அப்போது நான் தச்சு வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு முக்காலி, இரண்டு புத்தகத் தட்டு, சரியாக மூடாத ஒரு பெட்டி, இவ்வளவுதான் செய்து முடித்திருந்தேன். அந்த முக்காலி அண்ணை வீட்டில்தான் இருந்தது. கொஞ்சம் ஆடும்.

"எடி பிலோ, முக்காலி ஆடினால் பரவாயில்லை. அந்தோனியார் ஆடக்கூடாது" என்றார் அண்ணை. சபை சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

பாதர்தான் கைகொடுத்தார். அவருடைய வீட்டுப் பின்வளவில் நின்ற செரி மரத்தின் வேர் சுவரைத் தள்ளுகிறதென்று அதைத் தறிக்க ஏற்பாடாகியிருந்தது. "மரத்தை எடுங்கோ. மரம் நல்லாய் வந்தால் நீங்கள் செய்யுங்கோ. வெடிச்சுப் பழுதாய்ப் போனால் சூசையண்ணை சொன்ன மாதிரிக் கப்பலிலை எடுப்பம்" என்றார்.

ஆக, மரம் வெடித்தால் என் கதை முடிந்தது. அந்த ஆடும் முக்காலியை மட்டும் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வெயிலைக் கண்டால் விடமாட்டோம்

அண்ணைமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கணம், கப்பல் கூடு வரவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்தாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கும் வெயிலுக்கும் உள்ள உறவை நினைத்தால் அந்தக் கோபம் நிற்காது.

லண்டனில் வெயில் எறித்தால் வெள்ளைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுப்பார்கள். எங்கள் ஆட்கள் படுக்கமாட்டார்கள், வீட்டில் உள்ளதையெல்லாம் தூக்கி வெளியே படுக்கப் போடுவார்கள். மிளகாய், மல்லி, வடகம், தலையணை, மெத்தை, சப்பாத்து. ட்ராம் ஓட்டும்போது எனக்கு இது நன்றாகத் தெரியும். தண்டவாளம் வீடுகளின் பின்வளவுகளை ஒட்டிப் போகும் இடங்களில், எது தமிழ் வீடு என்று வெயில் நாளில் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அன்று காலையும் அப்படிப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். என் பலகையும் அப்படித்தான் கிடக்கிறது என்று யார் கண்டது!

அதிலும் அண்ணை மன்னார்க் கடற்கரைக்காரர். இளவயதில் கருவாடு போட்டவர். உப்பைப் போட்டு வெயிலைக் காட்டி, நேரத்துக்கு நேரம் பிரட்டிவிட்டால் உலகத்தில் எதுவும் பழுதாகாது என்பது அவருடைய நம்பிக்கை. பலகையையும் கருவாட்டைப் போலவே நடத்தியிருந்தார். உப்பு மட்டும்தான் போடவில்லை.

"எனக்கு என்ன தெரியும்?"

"அண்ணை, தூக்குங்கோ! நிழலுக்கு! உடனை!"

என் குரலைக் கேட்டு றீற்றா மச்சாள், அண்ணையின் மனைவி, குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். மூன்று பேருமாக ஒவ்வொரு பலகையாகக் கொட்டிலுக்குள் இழுத்தோம். அறுத்த செரிக்கு ஒரு மணம் உண்டு, வாதுமைக் கொட்டையை நசுக்கின மாதிரி. அந்த மணமும் மிளகாய் நெடியும் சேர்ந்து மச்சாளுக்குத் தும்மல் விட்டபாடில்லை.

"என்ன பிழை விட்டிட்டன்? ஈர மரம் காயத்தானே வேணும்?" அண்ணைக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"காய வேணும் அண்ணை. ஆனால் ஆறுதலாய்க் காய வேணும். மரத்துக்குள்ளை வேரிலையிருந்து தண்ணி ஏறின குழாய்கள் நீளத்துக்கு ஓடுது. அறுத்த முனையிலை எல்லாக் குழாயும் வாயைத் திறந்துகொண்டு நிக்குது. பக்கத்தாலை சொட்டுச் சொட்டாய்ப் போற ஈரம் முனையாலை கடகடவெண்டு போயிடும். முனை காய்ஞ்சு சுருங்கும், நடு இன்னும் ஊதினபடி நிக்கும். பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்? அதுதான் அறுத்த கையோடை முனையை அடைக்க வேணும். அதுக்குப் பூசிற மெழுகுப்பால் திங்கட்கிழமைதான் வரும். அதுமட்டும் தாங்கட்டும் எண்டுதான் ஈரச்சாக்குப் போட்டனான்."

"மழைக்குப் பயந்து மூடினனீ எண்டெல்லோ நான் நினைச்சன்." அவர் அந்த ஆடும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சபையிலை உன்னைப் பகிடி பண்ணினது எனக்கே ஒரு மாதிரியாய் இருந்தது, பிலோ. நீ வேலையாலை வரேக்கை மரம் பாதி காய்ஞ்சிருந்தால் சந்தோசப்படுவாய் எண்டு நினைச்சன். எனக்கு என்ன தெரியும்?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு யாருக்குக் கோபம் நிற்கும்? எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் மரம் அறுக்கிற வாளை எடுத்தேன்.

மெழுகுக்கு எங்கே போவது?

செய்யவேண்டியது ஒன்றுதான். வெடித்த இடத்தைச் சீவித் தள்ளி, நல்ல மரம் வந்த உடனே முனையை அடைக்கவேண்டும். உடனே என்றால் உடனே. புதிதாக வெட்டிய முனையும் அந்தச் சூட்டில் சும்மா கிடக்காது. எதைக்கொண்டு அடைப்பது?

"பெயின்ற் பூசினால் என்ன?" என்றார் மச்சாள். வேலிக்கு அடித்த மிச்சம் தகரத்தின் அடியில் கல்லாகிக் கிடந்தது.

அண்ணை திடீரென்று எழும்பினார். முக்காலி விழுந்தது.

"மெழுகுப்பால் எண்டாய். அப்ப மெழுகுதிரி மெழுகு சரிவராதோ?"

"வரும்! ஆனால் இவ்வளவு முனைக்கும் காணக்கூடிய மெழுகுதிரிக்கு எங்கை போறது?"

அண்ணையும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சாள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

விசயம் இதுதான். கோயிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரிக் கட்டைகள் மந்திரித்தவை, அதாவது பாதர் ஆசீர்வதித்தவை. மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்கவேண்டும் அல்லது மண்ணில் புதைக்கவேண்டும். புதைக்கிற பொறுப்பை அண்ணை ஏற்றுக்கொண்டு, சாக்குச் சாக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆனால் கார் விடவும் மிளகாய் காயப்போடவும் வசதியாக இருக்கட்டும் என்று அதற்கு முதலே பின்வளவு முழுவதற்கும் சீமெந்து போட்டு முடித்திருந்தார். புதைக்க ஒரு சாண் மண் இல்லை! எறியவும் ஏலாது, புதைக்கவும் ஏலாது என்று அவ்வளவும் தோட்டக் கொட்டிலுக்குள் வருடக்கணக்காகத் தவம் கிடந்தன.

"எத்தினை தரம் சொன்னன் இந்தச் சாக்குகளை எங்கையாவது கொண்டுபோங்கோ எண்டு" என்றார் மச்சாள். "இப்ப பாருங்கோ!"

சாக்கை அவிழ்த்துக் கொட்டினோம். வெள்ளை, மாதாவுக்கு ஏற்றின நீலம், திருஇருதயத்துக்கு ஏற்றின சிவப்பு. விரல் நீளம், நகத்தளவு, கருகின திரியோடு ஒட்டிக்கொண்ட துண்டுகள். எங்கள் ஆட்கள் குரோய்டனில் இருக்கிற அந்தப் பெரிய குடிவரவுக் கந்தோருக்கு அகதி விசாரணைக்குப் போகமுதல் கோயிலுக்கு வந்து ஒரு திரி ஏற்றிவிட்டுத்தான் போவார்கள். நானும் ஏற்றினேன். தீக்குச்சி அணைந்து அணைந்து போனது இன்றைக்கும் நினைவிருக்கிறது. விசாவுக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, சோதனைக்கு, காணாமல் போன ஒருவருடைய பெயருக்கு என்று ஏற்றியவை எல்லாம் அந்தச் சாக்குக்குள் ஒன்றாய்க் கிடந்தன.

கூழ்ப்பானையும் பால்சட்டியும்

மீன் பொரிக்கிற வெளியடுப்பை மூட்டினோம். மெழுகை நேரே நெருப்பில் வைத்தால் பற்றிவிடும். மச்சாளின் பெரிய கூழ்ப்பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதற்குள் பால்சட்டியை இறக்கி, அதில் மெழுகைப் போட்டோம். உருக உருகத் திரிகள் மிதந்து வந்தன. மச்சாள் வடை வடிக்கிற கண்ணகப்பையால் அவற்றை அரித்து எடுத்தார்.

"பால்சட்டி போச்சு" என்றார்.

"புதுசு வாங்கித் தாறன்" என்றேன்.

"வேண்டாம். அந்தோனியாரிட்டை நான் கணக்குப் பாக்கிறேல்லை."

நான் வெட்டினேன். அண்ணை பலகையை அமத்திப் பிடித்தார். விரல் தடிப்பில் ஒரு துண்டு விழுந்தது, அதில் வெடிப்பு. இன்னொன்று, அதிலும் வெடிப்பு. காவுமரத்துக்கு இன்ன நீளம் வேண்டும் என்று கணக்கு வைத்துக் கொஞ்சம் கூட விட்டுத்தான் அறுக்கச் சொல்லியிருந்தேன். அப்படிக் கூடுதலாக விட்டது என் கண்முன்னே துண்டு துண்டாகக் கரைந்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் நின்று தூக்க நீளம் போதாமல் போனால் எல்லாம் வீண்.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. வெட்டின மெல்லிய துண்டை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்க்கவேண்டும். வெடிப்பு ஒளிந்திருந்தால் அப்பளம் போல அந்த இடத்தில் ஒடியும். அந்த வேலையை அண்ணையிடம் கொடுத்தேன்.

ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. அண்ணையின் நெற்றியிலிருந்து வேர்வை பலகையில் சொட்டியது. அவர் ஒவ்வொரு துண்டையும் வளைக்கமுதல் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். கருவாட்டுக்காரர் அன்று செபித்த செபத்தை அந்தோனியார் தன் வாழ்நாளில் கேட்டிருக்கமாட்டார்.

பிறகு ஒரு துண்டு வளைந்தது. ஒடியவில்லை. அண்ணை இன்னும் அமத்தினார். ஒடியவில்லை.

"பிலோ! நிக்குது! இது நிக்குது!"

"மச்சாள், மெழுகு!"

றீற்றா மச்சாள் சட்டியோடு ஓடி வந்தார். நான் தூரிகையைத் தோய்த்து, கொதிக்கக் கொதிக்க முனையில் அப்பினேன். ஒரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று, பக்கங்களிலும் கொஞ்சம் வழியவிட்டு. வெள்ளையும் நீலமும் சிவப்பும் உருகிக் கலந்து மெழுகு கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே இறுகி, மங்கி, முனையை மூடிக்கொண்டது. அவ்வளவு அழகாக நான் எதையும் பூசினதில்லை!

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஆளில்லை. நான் வெட்ட, அண்ணை வளைக்க, மச்சாள் மெழுகோடு ஓடிவர, மூன்று பேரும் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மெழுகு மணத்தில் முழுக் கொட்டிலும் கோயிலாகிவிட்டது. ஒரு பலகை மட்டும் உள்ளுக்குப் போகப் போக ஒடிந்துகொண்டே இருந்தது. அதைச் சின்ன வேலைகளுக்கென்று ஒதுக்கினோம். மற்றவை தப்பின. காவுமரங்களுக்கென்று வைத்திருந்த இரண்டையும் அளந்து பார்த்தேன். மட்டுமட்டாக, ஆனால் போதும்.

அண்ணை சீமெந்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த மெழுகை உரித்துக்கொண்டிருந்தார்.

"இனி எப்ப காயும்?"

"இவ்வளவு தடிப்புக்கு எப்பிடியும் ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமோ! கருவாடு மூண்டு நாள்."

காவல்காரர்

பலகைகளுக்கு நடுவே மெல்லிய மரச் சட்டம் வைத்து, காற்றுப் போகவிட்டு, மேலே பாரம் ஏற்றி, கொட்டிலுக்குள் அடுக்கினோம். அதோடு லண்டனில் வெயிலைத் திட்டுகிற ஒரே தமிழர் என்ற பெயர் என் அண்ணைக்கு வந்தது.

ஷிப்ட் முடிந்து போனைத் திறந்தால் அவருடைய குரல்தான் கிடக்கும். "பிலோ, வெயில் எறிக்குது. நான் வெயில் மறைக்கப் படங்கு கட்டிட்டன்." "பிலோ, சூரியன் இப்ப மற்றப் பக்கத்தாலை வருது. படங்கை மாத்திக் கட்டினனான்." மச்சாளின் மிளகாய் முன்வாசலுக்குத் துரத்தப்பட்டது.

"என்னிலை இல்லாத கவனம் உன்ர அண்ணைக்கு அந்தப் பலகையிலை" என்று மச்சாள் என்னிடம் முறையிட்டார். "காலமை எழும்பித் தேத்தண்ணி குடிக்கமுதல் போய் அந்த மெழுகைத் தடவிப் பாக்கிறார்."

மூன்று மாரி போனது. அந்தோனியார் இன்னும் இரண்டு திருநாள் தள்ளுவண்டியில் கீச்சிட்டுக்கொண்டு போனார். சபையில் கப்பல் கதை எழும்பியபோது, "பொறுங்கோ, மரம் காயுது" என்று வாயை அடைத்தவர் அதே தலைவர்தான்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு தொடங்கமுதல் ஒரு நாள், பலகைகளை எடுத்து முனைகளை வெட்டினேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கத்தரிப்பூத் துண்டு தரையில் விழுந்தது. உள்ளே மரம் தேன் நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல் இருந்தது! நான் கத்தின கத்தலில் அண்ணை கண்ணைத் திறந்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரித் துள்ளினோம். மெழுகு பூசின துண்டுகளும் மந்திரித்தவைதானே, அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பெரிய சனி இரவு கோயிலில் மூட்டுகிற நெருப்பில் போட்டோம். நன்றாக எரிந்தன.

கூடு ஆனி மாதத்துக்கு முடிந்தது. ஆடவில்லை. அதை இங்கே அழுத்தமாக எழுதி வைக்கிறேன்.

திருநாள் அன்று வானத்தில் ஒரு முகில் இல்லை. அப்படியொரு வெயில். பாதர் தண்ணீர் தெளித்தார், நாலு பேரும் காவுமரத்துக்குத் தோள் கொடுத்தோம். முன்னால் இடப்பக்கம் நான். அந்தோனியார் கீச்சென்று ஒரு சத்தமில்லாமல் எழும்பினார். என் தோளில் அந்த மரம் சூடாக, வழுவழுப்பாக அழுந்தியது. தெருவுக்கு இறங்கியபோது எனக்குக் கண் கலங்கி முன்னால் போகிற கொடியே தெரியவில்லை.

திடீரென்று தலைக்கு மேல் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வேட்டியும் சபைத் தலைவருக்குரிய சிவப்புப் பட்டியுமாக அண்ணை, கையில் பெரிய கறுப்புக் குடை. அதை என் பக்கத்துக் காவுமரத்தின் முனைக்கு நேரே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

பின்னால் வந்த ஒருவர், "சூசையண்ணை, குடையை அந்தோனியாருக்கெல்லோ பிடிக்க வேணும்!" என்றார்.

"அந்தோனியார் வெடிக்கமாட்டார்" என்றார் அண்ணை, குடையை அசைக்காமல்.

காய்ந்து முடிந்து எண்ணெயும் பூசின மரம் இனி இந்த வெயிலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். குடையின் நிழல் என் தலைக்கும் சேர்த்து விழுந்துகொண்டிருந்தது. சொல்லாமல் நடந்தேன்.